கெட்டிமேளத்துக்கு முன்னால் ஒரு கையெழுத்து

மண்டபத்துக்குப் பத்து இடம் அலைகிறோம். சமையலுக்கு ருசி பார்த்துச் சொல்கிறோம். புடவைக்குக் காஞ்சிபுரம் வரை போகிறோம். புகைப்படக்காரரை மட்டும் ஒரே போன் காலில் முடித்துவிடுகிறோம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மணமக்களும் வீட்டாரும் உட்கார்ந்து பேச வேண்டியவை இங்கே.

ஐயர் கையை உயர்த்துகிறார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" தவில் இடிபோல இறங்குகிறது. மூன்றாவது வரிசையில் இருக்கும் பாட்டி, கையில் பொத்தி வைத்திருந்த அட்சதையோடு சிரமப்பட்டு எழுந்து நிற்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது ஆறு முதுகுகள். இரண்டு வீடியோ, இரண்டு கேண்டிட், ஒரு டிரெடிஷனல், லைட் பிடிக்கிற பையன் ஒருவன். பேத்தியின் கழுத்தில் தாலி ஏறியதை மேடைக்குப் பக்கத்தில் நிற்கும் எல்இடி திரையில்தான் அவர் பார்க்கிறார்.

"அப்படியே பிடிங்க சார், இங்க பாருங்க, சின்னதா ஒரு ஸ்மைல்" என்று ஒரு குரல். மாப்பிள்ளை இரண்டாவது முடிச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். மூன்றாவது முடிச்சுப் போட வேண்டிய நாத்தனார் குனிந்தபடி காத்திருக்கிறார்.

எந்த ஊர் மண்டபத்திலும் பார்க்கக் கிடைக்கும் காட்சி இது. கேமராக்காரரைத் திட்டிவிட்டுப் பந்திக்குப் போய்விடலாம்தான். ஆனால், அவரை அமர்த்தியவர்கள் அவரிடம் என்ன சொல்லி அமர்த்தினார்கள்? பெரும்பாலான வீடுகளில் "நல்லா எடுங்க தம்பி" என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். நாம் எதுவும் சொல்லாமல் விட்டால் கேமரா தனக்குப் பிடித்ததை எடுக்கும். அதற்குப் பிடித்தது மேடை, வெளிச்சம், மணமக்கள். மூன்றாவது வரிசைக்கு அது திரும்பாது.

36-லிருந்து ஆயிரங்களுக்கு

ஃபிலிம் ரோல் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். இரண்டு ரோலுக்குமேல் போனால் பெண்ணின் அப்பா முகம் மாறும். அதனால் ஸ்டூடியோக்காரர் எண்ணி எண்ணித்தான் பட்டனை அழுத்துவார். தாத்தா பாட்டியோடு ஒன்று, தாய்மாமன்களோடு ஒன்று, தாலி கட்டும்போது இரண்டு. கறுப்பு அட்டை ஆல்பத்தில், பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர் வைத்து, அவை இன்றும் பல வீட்டுப் பீரோக்களில் இருக்கின்றன. படம் குறைவு, ஆனால் குடும்பத்தில் விட்டுப்போன ஆளும் குறைவு.

பிறகு வீடியோ கேசட் வந்தது. விரியும் தாமரைக்குள் மணப்பெண் முகமும், பின்னணியில் சினிமாப் பாட்டும் வந்தன. இப்போது மெமரி கார்டு காலம். இரண்டு நாள் கல்யாணத்தை இரண்டு பேர் படம் எடுத்தாலே சில ஆயிரங்களைத் தொட்டுவிடும். அத்தனையையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா எங்கேயுமே இல்லையே" என்று கேட்கிற வீடுகள் உண்டு. எண்ணிக்கை பெருகியதால் யோசித்து எடுக்கும் வேலை யாருடையது என்பதே தெரியாமல் போயிற்று. அந்த வேலையை இப்போது வீட்டார்தான் செய்தாக வேண்டும். அதுவும் கல்யாணத்துக்கு முன்பே.

வரப்போவது யார்?

இன்ஸ்டாகிராமில் பார்த்து மயங்கிய படத்தை எடுத்தவரே உங்கள் கல்யாணத்துக்கும் வருவார் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். காரணம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். மிச்ச மாதங்களிலும் வளர்பிறை, நல்ல நட்சத்திரம், ஞாயிற்றுக்கிழமை என்று சலித்துப் பார்த்தால் கையில் நிற்பவை சில நாட்கள்தான். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஊரே ஒரே தேதியில் மண்டபம் தேடுவது இதனால்தான்.

பெயர் பெற்ற ஸ்டூடியோவுக்கு ஒரே முகூர்த்தத்தில் மூன்று, நான்கு ஆர்டர் இருக்கும். உரிமையாளர் ஒரு மண்டபத்தில் நிற்பார். மற்ற மண்டபங்களுக்கு நாள் சம்பளத்துக்கு வரும் ஃப்ரீலான்சர்கள் போவார்கள். இதில் தவறொன்றும் இல்லை. அவர்களில் அருமையான கைகாரர்கள் இருக்கிறார்கள். சொல்லாமல் அனுப்புவதுதான் தவறு. ஆகவே முதல் கேள்வி: "எங்க கல்யாணத்துக்கு வரப்போறது யாரு? அவர் எடுத்த படத்தைக் காட்டுங்க." வருகிறவரின் பெயரையும், அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் வருகிற மாற்று ஆளின் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

முழுக் கல்யாணத்தைக் காட்டச் சொல்லுங்கள்

ஸ்டூடியோ காட்டும் சாம்பிள் ஆல்பம் ஐம்பது கல்யாணங்களிலிருந்து பொறுக்கிய ஐம்பது படங்களாக இருக்கலாம். மகாபலிபுரம் கடற்கரையில் அந்திவெயிலில் யார் எடுத்தாலும் படம் நன்றாக வரும். உங்கள் கல்யாணமோ விடிகாலை நாலரை மணி முகூர்த்தம். டியூப் லைட்டும் ஊதா நிற மேடை விளக்கும் கலந்த மண்டபம். நடுவே ஹோமப் புகை. எனவே ஒரே கல்யாணத்தின் எல்லாப் படங்களையும், பந்தக்கால் நட்டதிலிருந்து கட்டுச்சாதக்கூடை வரை, வரிசையாகப் பார்க்கக் கேளுங்கள்.

பார்க்கும்போது மணமக்களை விட்டுவிட்டு மற்றவர்களைப் பாருங்கள். புகைக்கு நடுவில் அப்பாவின் முகம் தெளிவாக இருக்கிறதா? பந்தியில் யாராவது சிரிக்கிறார்களா? நாதஸ்வரக்காரருக்கு ஒரு படமாவது கிடைத்திருக்கிறதா? வயதானவர்கள் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறார்களா? ஒருவருடைய கண் எங்கே போகிறது என்பதை இந்தப் படங்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: தோலின் நிறம். ஆல்பம் டிசைனுக்குப் போகும் இடத்தில் "கலர் ஏத்துறது" என்பது கேட்காமலே நடக்கிறது. மாநிறப் பெண் சுண்ணாம்பு பூசிய சுவர்போல வந்து நிற்பாள். பட்டுப்புடவையின் அரக்கு வெளிறிப்போகும். எங்கள் நிறத்தில் கை வைக்காதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கல்யாணம் முடிந்து சொன்னால் எல்லா ஷீட்டையும் திருத்த வேண்டிவரும்.

டிரெடிஷனலா, கேண்டிட்டா?

மேடையில் வரிசையாக நிற்க வைத்து, எல்லோரையும் கேமராவைப் பார்க்கச் சொல்லி எடுப்பது டிரெடிஷனல். யாருக்கும் தெரியாமல், நடப்பதை நடக்கிறபடியே எடுப்பது கேண்டிட். டிரெடிஷனலைப் பழைய மோஸ்தர் என்று ஒதுக்கிவிட்டு, முழுக்கக் கேண்டிட் போதும் என்று முடிவெடுக்கிற இளைய தம்பதிகள் பிறகு வருந்துவதுண்டு. ஊரிலிருந்து எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்த பெரியப்பா, மேடை ஏறி மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு நிற்பது அந்த ஒரு படத்துக்காகத்தான்.

ஒரு சின்னக் கணக்கு. ரிசப்ஷனுக்கு 600 பேர் வருகிறார்கள். நான்கு பேர் சேர்ந்து மேடை ஏறினால் 150 குழு. குழுவுக்கு ஒரு நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம். டிரெடிஷனல்காரர் அந்த இரண்டரை மணி நேரமும் மேடையை விட்டு நகர முடியாது. கீழே குழந்தைகள் ஆடுவதை, ஐஸ்கிரீம் வரிசையில் தாத்தா நிற்பதை எடுக்க இன்னொருவர் வேண்டும். நூறு பேர் மட்டும் வரும் கோயில் கல்யாணத்துக்கு ஒரு ஸ்டில், ஒரு வீடியோ போதும். ஐந்து பேர் வந்தால் பேக்கேஜ் பெரிதாகத் தெரியும். மேடையில் முதுகுகளும் கூடும்.

முதுகு விஷயத்தையும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தாலி கட்டும் இரண்டு நிமிடமும் மேடைக்கு நேர் முன்பக்கம் காலியாக இருக்க வேண்டும், கேமராக்கள் இரு பக்கவாட்டிலும் மணவறைக்குப் பின்னாலும் மட்டும் நிற்க வேண்டும் என்று கேட்டால், தொழில் தெரிந்தவர் அதற்கேற்ற லென்ஸோடு வருவார். ரீடேக் கேட்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டு முறை அவருக்குத் தெரியுமா?

கல்யாணம் என்பது ஒரே சடங்கு அல்ல. காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் என்று போகிற வீட்டில், மாமா தோளில் பெண் ஏறும் நொடி ஒரு கண்சிமிட்டல்தான். கொங்குப் பகுதியில் இணைச்சீரும் மங்கல வாழ்த்தும் இல்லாமல் ஆல்பம் நிறைவாகாது. நகரத்தார் வீட்டில் திருப்பூட்டுதல். நிக்காஹ்வில் மணப்பெண் பெண்கள் பகுதியில் இருப்பார் என்றால், பெண் புகைப்படக்காரர் வருவாரா என்பதை முன்கூட்டியே கேட்க வேண்டும். தேவாலயத்தில் பலிபீடத்துக்கு அருகே போகலாமா, ஃபிளாஷ் அடிக்கலாமா என்பதைப் பாதிரியாரிடம்தான் கேட்க வேண்டும்.

அண்ணா முதல்வராக இருந்தபோது சட்ட அங்கீகாரம் பெற்ற சுயமரியாதைத் திருமணத்தில் ஹோமமும் இல்லை, மந்திரமும் இல்லை. உறுதிமொழி, மாலை மாற்றல், கையெழுத்து எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மணிக்கணக்கில் நீளும் முகூர்த்தத்துக்குப் பழகியவர் லென்ஸை மாற்றுவதற்குள் கல்யாணம் முடிந்திருக்கும்.

ஆகவே ஒரு தாளில் மூன்று பட்டியல் எழுதுங்கள். முதலாவது, சடங்குகள், நேரத்தோடு. இரண்டாவது, கட்டாயம் படத்தில் இருக்க வேண்டியவர்கள். வயதில் மூத்தவரிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாவது, வேண்டாதவை: மணப்பெண் அறைக்குள் அலங்காரம் முடியும்வரை கேமரா வரக் கூடாது என்பது போன்றவை. இரு வீட்டு ஆட்களையும் அடையாளம் தெரிந்த ஒருவரை, துடியான அத்தை மகனோ சித்தி மகளோ, புகைப்படக்காரரோடு அனுப்புங்கள். ஆயிரம் பேர் கூட்டத்தில் உங்கள் பெரிய அத்தை யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவுட்டோர் ஷூட்டையும் நேரத்துக்குள் அடக்குங்கள். முகூர்த்தம் முடிந்ததும் மணமக்களைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனால், விடியற்காலையிலிருந்து பாலும் பழமும் மட்டுமே வயிற்றில் இருக்கும் இருவரும் வெயிலில் நிற்பார்கள். மண்டபத்தில் சம்பந்திகள் இலை போடாமல் காத்திருப்பார்கள். வேறொரு நாளில் வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

பேக்கேஜுக்குள் என்ன, வெளியே என்ன?

"ஒன்றரை லட்சம், எல்லாம் சேர்த்து" என்றால் அந்த 'எல்லாம்' எது என்று கேளுங்கள். நிச்சயதார்த்தம் தனியா? எத்தனை மணி நேரம், அதற்குமேல் போனால் என்ன கட்டணம்? வெளியூர் என்றால் வண்டி, தங்குமிடம் யார் பொறுப்பு? ஜிஎஸ்டி பதிவு உள்ள ஸ்டூடியோ என்றால் 18 சதவீதம் சேரும். ஒன்றரை லட்சத்துக்கு அது 27,000 ரூபாய்.

ஆல்பத்தில்தான் கணக்கு அதிகம் வழுக்கும். 40 ஷீட் ஆல்பம் என்றால் ஷீட்டுக்கு நான்கைந்து படமாக 160-லிருந்து 200 படம்வரை வைக்கலாம். "இதையும் சேருங்க, அதையும் சேருங்க" என்று வீட்டில் சொல்லச் சொல்ல ஷீட் கூடும். ஒவ்வொரு கூடுதல் ஷீட்டுக்கும் என்ன விலை என்பதை முதலிலேயே எழுதி வாங்கவில்லை என்றால், அதுவே தனி பில்லாக வந்து நிற்கும்.

பணத்தை மூன்றாகப் பிரிப்பது நல்லது: அட்வான்ஸாக ஒரு பங்கு, கல்யாண நாளில் ஒரு பங்கு, ஆல்பம் கைக்கு வந்ததும் கடைசிப் பங்கு. முழுப் பணத்தையும் மண்டபத்திலேயே எண்ணிக் கொடுத்துவிட்டால், அடுத்த முகூர்த்த ஆர்டருக்குப் பின்னால் உங்கள் ஆல்பம் வரிசையில் நிற்கும். ஆனால், ஆல்பம் தாமதமாவதற்குப் பல நேரம் வீட்டாரே காரணம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களில் 200-ஐத் தேர்ந்தெடுக்கும் வேலை உங்களுடையது. தேனிலவு, மறுவீடு, தலை தீபாவளி என்று அதைத் தள்ளிப்போட்டுவிட்டு ஸ்டூடியோவைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் தேர்வை முடித்துக் கொடுத்த நாளிலிருந்து இத்தனை நாளில் ஆல்பம் என்று தேதி போடுவதே இரு தரப்புக்கும் நியாயம்.

மணமக்களில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் இன்னொரு நிபந்தனையும் சேருங்கள். துணைவர் விசா விண்ணப்பத்துக்குக் குடும்பத்தாரோடு எடுத்த திருமணப் படங்கள் தேவைப்படும். அதனால், எடிட் செய்யாத இருபது படங்களாவது ஒரு வாரத்துக்குள் கைக்கு வர வேண்டும்.

கார்டு கெட்டுப்போனால்?

தாலியை இன்னொரு முறை கட்ட முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகும் கேமராவா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. ஒன்று கெட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும். நொடிக்கு 100 மெகாபிட் தரத்தில் 4கே வீடியோ எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி நிரம்பும். இடம் போதவில்லை என்று முந்தைய நாள் ரிசப்ஷன் கார்டை அழித்துவிட்டு முகூர்த்தத்துக்குப் பயன்படுத்தும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அன்றிரவே எத்தனை இடத்தில் காப்பி எடுப்பார்கள், எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள்.

உங்கள் கைக்கு வந்ததும் பென் டிரைவில் மட்டும் போட்டு மஞ்சள் பையில் வைத்துவிடாதீர்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று பெண் வீட்டில், ஒன்று மாப்பிள்ளை வீட்டில். கூடவே இணையச் சேமிப்பில் ஒரு பிரதி. வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் அளவு சுருங்கிவிடும். அதையே மூலப் பிரதி என்று நம்பக் கூடாது.

படம் யாருக்குச் சொந்தம்?

"எடுத்தவன் நான், அதனால் படம் எனது" என்று சிலர் சொல்வதுண்டு. நம் நாட்டுச் சட்டம் வேறு சொல்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை என்பது அதோடு ஒட்டிய நிபந்தனை. நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போடும் தாளின் ஏழாவது வரியில், உரிமை ஸ்டூடியோவுக்கே என்று பொடி எழுத்தில் இருந்தால், அந்த உரிமை கைமாறிவிடும். மனைவி கண்ணீர் விட்ட படம் யாரோ ஒருவரின் விளம்பரத்தில் ஓடலாம். ஸ்டூடியோ தன் பக்கத்தில் போட விரும்பினால், எந்தப் படம் என்று காட்டி அனுமதி வாங்கட்டும். சிலர் அதற்காகக் கட்டணத்தைக் குறைத்தும் தருவார்கள். அது உங்கள் விருப்பம்.

ட்ரோனுக்கும் சட்டம் இருக்கிறது. 2021-இன் ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டும். ட்ரோனுக்குப் பதிவெண் வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்க முடியாது. மீனம்பாக்கம் விமான நிலையம், தாம்பரம், சூலூர் விமானப்படைத் தளங்கள் ஆகியவற்றின் சுற்றுவட்டாரத்தில் மண்டபம் என்றால், டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு ட்ரோனுக்குப் பணம் கொடுங்கள். கோயிலில் கல்யாணம் என்றால் கேமராவுக்கே அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது.

எல்லாம் பேசியும் ஏமாற்றப்பட்டால், அதற்கும் இடம் இருக்கிறது. ஆல்பம் தராமல் இழுத்தடிப்பது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் அங்கே சாட்சி. ரசீது வேண்டாம் என்று சொல்லிக் குறைக்கும் ஆயிரம் ரூபாய் அப்போது கனக்கும்.

கையெழுத்துக்கு முன் பத்துக் கேள்வி

1. வரப்போகும் ஆள் யார்? மாற்று ஆள் யார்?
2. ஒரு கல்யாணத்தின் முழுப் படங்களையும் காட்டுவீர்களா?
3. எத்தனை பேர் வருவீர்கள், யாருக்கு என்ன வேலை?
4. எங்கள் வீட்டுச் சடங்கை இதற்கு முன் எடுத்திருக்கிறீர்களா?
5. எத்தனை மணி நேரம்? அதற்குமேல் என்ன கட்டணம்?
6. ஆல்பம் எத்தனை ஷீட்? கூடுதல் ஷீட் என்ன விலை?
7. எல்லாப் படங்களையும் முழு அளவில் தருவீர்களா?
8. எத்தனை பிரதி, எங்கே, எத்தனை மாதம்?
9. எங்கள் அனுமதி இல்லாமல் எங்கேயாவது வெளியிடுவீர்களா?
10. கல்யாணம் தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும்?

பதினொன்றாவது கேள்வி அவருக்காக நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது: எந்தப் பந்தியில் அவர் சாப்பிடுவார்? விடிகாலை மூன்று மணிக்கு மணப்பெண் அறை வாசலில் வந்து நின்றவர், மதியம் கடைசிப் பந்தியில் ரசம் மட்டும் மிஞ்சியிருக்கும்போது உட்கார்வது பல மண்டபங்களில் வழக்கமாகிவிட்டது. இரண்டாவது பந்தியில் அவருக்கும் உதவியாளருக்கும் இலை போடச் சொல்லி ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். இது எந்த ஒப்பந்தத்திலும் இருக்காது. ஆனால், பசித்த கண்ணுக்குப் படம் தெரியாது.

கடைசியாக ஒன்று. சில வருடங்கள் கழித்து ஒரு விடியற்காலை போன் வரும். ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் யாரோ கேட்பார்கள்: "பாட்டியோட நல்ல போட்டோ ஏதாவது இருக்கா?" அப்போது எல்லோரும் திறப்பது கல்யாண ஆல்பத்தைத்தான். பட்டுப்புடவையும் திருநீறுமாய்ப் பாட்டி அமர்ந்து சிரித்த நாள் அது ஒன்றுதான். குரூப் போட்டோவின் ஓரத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கி, தோளில் தெரியும் யாரோ ஒருவரின் கையை அழித்து, சட்டம் போட்டு, மாலை மாட்டுவார்கள். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் எத்தனையோ படங்கள் அப்படி வந்தவைதான்.

அதனால், அந்த இரண்டாவது பட்டியலின் முதல் வரியில் பாட்டியின் பெயரை எழுதுங்கள். ரிசப்ஷன் தொடங்கும் முன், மண்டபத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நாற்காலி போட்டு, அவரைத் தனியாக உட்கார வைத்து, அவசரமில்லாமல் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் கெட்டிமேளம் கொட்டும்போது முதல் வரிசையில் அவருக்கு ஓர் இடமும், அவர் முன்னால் முதுகு இல்லாத ஒரு மேடையும் இருக்கட்டும்.